காரைக்குடி பழம்பொருள் தெரு: வளரி, வாள் சரி, துப்பாக்கி வேண்டாம்

முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு எனாமல் சட்டி, பர்மா அரக்குப் பெட்டி, ரவி வர்மா படம் தேடிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆயுதமும் கிடைக்கும். இடித்த வீடுகளில் மொத்தமாக வாங்கிய சரக்கு என்பதால் அசலும் போலியும் ஒரே சாக்கில் கிடக்கும். பொருளின் வயதைப் பற்றிக் கடைக்காரர் அரை மணி நேரம் பேசுவார். துப்பாக்கிக்குள் வெடிமருந்து இருக்கிறதா என்று பார்த்து வைத்திருக்க மாட்டார். அந்த வேலை வாங்குபவர் தலையில்.

சிவகங்கைச் சீமை என்பதால் முதலில் நீட்டுவது வளரி, எறிந்து தாக்கும் ஆயுதம். பிறை வடிவம், ஒரு முனை கனம், பிடிக்கிற முனை லேசு, வெளி விளிம்பு கூர். இரண்டு முனையும் ஒரே எடை என்றால் அது சுவரில் மாட்டச் செய்த பொம்மை. மரவளரியில் ரேகையைப் பாருங்கள். இயல்பாக வளைந்த கிளையில் செதுக்கியிருந்தால் ரேகையும் வளைவோடு போகும். பலகையில் அறுத்ததென்றால் வளைவில் ரேகை குறுக்கே வெட்டுப்படும். ஓங்கி எறிந்தால் அங்கேதான் ஒடியும். எறிந்தவன் கைக்கே திரும்பி வரும் என்பது விற்பனைக்காகச் சேர்த்த மசாலா.

கொண்டுவிக்க, அதாவது தொழிலுக்காகக் கடல் கடந்து, போனவர்கள் பெட்டியில் வந்தவை பர்மியத் ‘தா’ வாளும் மலாய்க் குத்துவாளான கிரிஸும். இந்தத் தெருவில் காசு கொடுக்கத் தகுந்தவை இவைதான். கிரிஸின் நெளிவுகளை எண்ணுங்கள், ஒற்றைப்படையில் வர வேண்டும். ஆனால் வெறுங்கையால் தடவ வேண்டாம். அலகில் வரி தெரிவதற்காக ஆர்செனிக்கை எலுமிச்சைச் சாற்றில் கலந்து பூசுவது அந்த ஊர் வழக்கம். கையுறை போடுங்கள், உப்புத்தாள் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

நம் ஊர் வாள்களில் கோளாறு கைப்பிடிக்குள் இருக்கிறது. அலகின் வாலைப் பிடிக்குள் செருகி அரக்கு ஊற்றி இறுக்கியிருப்பார்கள். அரக்கு காய்ந்து பொடிந்தால் வீசும்போது அலகு தனியே பறக்கும். கடையில் சுழற்றிக் காட்டச் சொல்லாதீர்கள். காதருகே வைத்து லேசாக ஆட்டினால் கடகடவென்று சொல்லிவிடும். துருவும் பேசும்: பழைய துரு கருப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக, குழிக்குள் இறங்கியிருக்கும். ஆசிட் ஊற்றி வரவழைத்தது முழுக்க ஒரே செம்மஞ்சள்.

குழல் வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிதான் ஆபத்து. மருந்தும் குண்டும் உள்ளேயே இருக்க, பரணில் போட்டுவிட்ட துப்பாக்கிகள் உண்டு. கருமருந்து ஈரம் படாதவரை நூறு வருஷம் கழித்தும் பற்றும். குழல் வாய்க்கு எதிரே நிற்காமல், மரக்குச்சி ஒன்றை மெதுவாக விட்டு, வாயருகே அடையாளம் போட்டு, எடுத்து வெளியே குழலோடு வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, மருந்தைப் பற்றவைக்கும் பற்றுத்துளை வரை வர வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. கம்பியால் குத்தாமல், டிரில் போடாமல், கீழே வைத்துவிட்டுக் கடைக்காரரைப் போலீசுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

பூச்சாடியாக விற்கும் பித்தளை ஷெல் கூடுகளில் அடிப்பக்கம் நடுவே ஊசி குத்திய பள்ளம் இல்லையென்றால் பிரைமர், அதாவது அடித்தால் பற்றும் மூடி, இன்னும் உயிரோடு இருக்கலாம். இரும்புப் பீரங்கிக் குண்டில் அடைத்த துளை தெரிந்தால் தொடவே வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக் குண்டு ஒன்று, 2008இல் வர்ஜீனியாவில், சுத்தம் செய்து கொண்டிருந்தவரைக் கொன்றது.

பித்தளைக்குப் போடுகிற புளியை உருக்குக்குப் போடாதீர்கள், அமிலம் வரியைத் தின்றுவிடும். தேங்காய் எண்ணெயும் நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லிய கோட்டிங் போதும். அலகைத் தோல் உறைக்குள் வைக்க வேண்டாம், ஈரம் தங்கும்.

9 அங்குல நீளமோ 2 அங்குல அகலமோ தாண்டிய அலகு, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ ஆனது இல்லையென்றால், ஆயுதச் சட்ட விதிகளில் ஆயுதம்தான். பழுது பார்த்தாலும் சுடாத பழைய துப்பாக்கிக்கு மட்டும் 1959 சட்டத்தில் விலக்கு. பழுது பார்த்தால் சுடும் என்றால் கிடையாது. 100 வருஷம் கடந்தது 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். விற்பவருக்கு உரிமம் வேண்டும், சிங்கப்பூர் மச்சானுக்கு அனுப்பவும் முடியாது. ரசீதில் ‘பழைய இரும்பு’ என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். பொருளின் பெயர், அலகின் நீளம், தேதி மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.