டில்லர் எக்ஸ்டென்ஷன்: சிறிய மோட்டார் படகில் நீண்ட நாள் பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தவை

சின்னப் படகில் ஒற்றை ஆளாகப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. 12 அடிப் படகு, பின்பலகையில் 8 அல்லது 10 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார். மோட்டாரைத் திருப்பும் கைப்பிடி (டில்லர்) எட்ட வேண்டுமானால் அமரத்தை, அதாவது படகின் பின்முனையை, ஒட்டித்தான் உட்கார வேண்டும். மோட்டார் 40 கிலோ, ஆள் 75 கிலோ, பெட்ரோல் டேங்க் 10 கிலோ சொச்சம். எல்லாம் கடைசி ஒரு மீட்டருக்குள் அடக்கம். வேகத்தைக் கூட்டும் திராட்டிலைத் திருகியதும் அணியம் (படகின் முன்முனை) வானத்தைப் பார்க்கும், எதிரே என்ன வருகிறதென்று தெரியாது. மோட்டார் எவ்வளவு கத்தினாலும் படகு தண்ணீரை உழுதுகொண்டு போகுமே தவிர மேலெழுந்து சறுக்காது. எதிர்காற்று அடித்தால் தூக்கி நிற்கும் அணியத்தைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும்.

இதற்குத்தான் டில்லர் எக்ஸ்டென்ஷன். டில்லர் கைப்பிடியின் நுனியில் மாட்டும் ஒரு குழாய், அவ்வளவுதான். அதைத் திருப்பினால் மோட்டார் திரும்பும், முறுக்கினால் திராட்டில் திறக்கும். ஆள் அரை மீட்டரோ முக்கால் மீட்டரோ முன்னால் நகர்ந்து நடுப் பலகையில் உட்காரலாம். பி.வி.சி. குழாய், கடையில் கிடைக்கும் அலுமினியம் டெலஸ்கோப் வகை, மூட்டு வைத்த வகை என எல்லாவற்றையும் பல பருவங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு சொல்வது: சாமான் நல்லதுதான். ஆனால் அது உங்களை மோட்டாரிலிருந்து தள்ளி உட்கார வைக்கிறது. கியர், கில் சுவிட்ச் (ஆள் விழுந்தால் மோட்டாரை நிறுத்துவது), டில்ட் லாக் (மோட்டாரைத் தூக்கிப் பூட்டுவது) எல்லாமே மோட்டாரோடு பின்னாலேயே இருந்துவிடுகின்றன. வாங்குவதற்கு முன் இதை யோசிப்பவர்கள் குறைவு.

குழாய் வாங்கும் முன் டேங்கை நகர்த்திப் பாருங்கள். 12 லிட்டர் டேங்கில் பெட்ரோல் மட்டும் கிட்டத்தட்ட 9 கிலோ, டேங்கோடு சேர்த்தால் 11 வரும். அதை அமரத்திலிருந்து 2 மீட்டர் முன்னால் கொண்டுபோய்க் கட்டினால் கிடைக்கும் பலன், 75 கிலோ ஆள் 30 செ.மீ. முன்னால் நகர்வதற்குச் சமம். எக்ஸ்டென்ஷன் செய்யும் வேலையில் பாதி இதிலேயே முடிந்துவிடும். நீளமான பெட்ரோல் ஹோஸ் வேண்டும், அதன் பல்பு (கையால் அமுக்கிப் பெட்ரோலை ஏற்றும் ரப்பர் உருண்டை) டேங்குக்குப் பக்கத்தில், அம்புக்குறி மோட்டாரைப் பார்த்தபடி இருக்க வேண்டும், ஹோஸ் காலடியில் மிதிபடக் கூடாது. பேட்டரி, நங்கூரம் இருந்தால் அவற்றையும் முன்னால் தள்ளுங்கள். மோட்டாரின் சாய்வை நிர்ணயிக்கும் டில்ட் பின்னை ஒரு துளை உள்ளே மாற்றி, நீருக்குள் இறங்கும் மோட்டாரின் காலைப் பின்பலகைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தாலும் அணியம் கொஞ்சம் இறங்கும். இவ்வளவும் செய்த பிறகும் அணியம் தூக்கியே நின்றால் எக்ஸ்டென்ஷனுக்கு வாருங்கள்.

நீளத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. ‘இருக்கட்டும்’ என்று ஒரு மீட்டருக்கு மேல் நீண்ட குழாயை மாட்டிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். மோட்டார் திரும்பும் அச்சிலிருந்து கைப்பிடி நுனி வரை 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரை 40 பாகை திருப்ப, நுனி பக்கவாட்டில் சுமார் 39 செ.மீ. போனால் போதும். ஒரு மீட்டர்கூட வேண்டாம், 75 செ.மீ. குழாயை மாட்டி, அதில் 12 செ.மீ. கைப்பிடிமேல் ஏறிவிட்டால் மொத்த நீளம் 123 செ.மீ. ஆகிறது. அதே 40 பாகைக்கு நுனி 79 செ.மீ. நகர வேண்டும். படகின் உள் அகலம் 120 செ.மீ. என்றால் நடுவிலிருந்து பக்கச் சுவர் வரை இருப்பதே 60 தான். 30 பாகை எட்டும் முன்பே குழாய் சுவரில் முட்டும், அல்லது உங்கள் வயிற்றில். திறந்த நீரில் இது தெரியாது. கரை ஒதுங்கும்போது, நெருக்கமாக நிற்கும் படகுகளுக்கு நடுவே திரும்பும்போது தெரியும்.

அதே கணக்கில் ஒரு நன்மையும் உண்டு. வெறும் கைப்பிடியில் கை 5 செ.மீ. அசைந்தால் மோட்டார் ஏறக்குறைய 5 பாகை திரும்பும். எக்ஸ்டென்ஷனில் அது பாதிக்கும் கீழே. வேகத்தில் நேராகப் போகும்போது படகு அலைபாயாமல் நிற்பது இதனால்தான், கையும் அவ்வளவு சோர்வதில்லை. எனவே, எந்த இடத்தில் உட்கார்ந்தால் அணியம் இறங்கிப் படகு சறுக்கத் தொடங்குகிறதோ அந்த இடத்துக்கு எட்டும் அளவுக்கு மட்டும் நீளம் வையுங்கள். இடத்தைக் கண்டுபிடிக்க, ஒரு நண்பரை மோட்டாரில் உட்கார வைப்பதில் பயனில்லை, எடை மாறிவிடும். உங்கள் எடையில் பாதிக்குத் தண்ணீர்க் கேன்களை நடுப் பலகையருகே வைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்து, எங்கே படகு மறுபடி தூக்கத் தொடங்குகிறது என்று பார்த்தால் தேவையான நீளம் ஓரளவு பிடிபடும். 12 அடிப் படகுக்குப் பெரும்பாலும் 50 முதல் 70 செ.மீ. கூடுதல் நீளத்திலேயே வேலை முடிகிறது.

இனி மாட்டும் இடம். எக்ஸ்டென்ஷன் பழுது என்று வருவதில் பெரும்பகுதி குழாயில் இல்லை, குழாயும் ரப்பர் பிடியும் சேரும் அந்த 12 செ.மீ. இடத்தில்தான்.

பி.வி.சி. குழாயில் சொந்தமாகச் செய்வதானால், முதலில் கைப்பிடி ரப்பரின் விட்டத்தை வெர்னியரில் இரண்டு மூன்று இடங்களில் அளந்துகொள்ளுங்கள். பல பிடிகள் ஒரே சீராக இருப்பதில்லை, நுனியில் தடித்தோ மெலிந்தோ இருக்கும். அதிகபட்ச விட்டத்தைவிட 1 முதல் 2 மி.மீ. பெரிய உள்விட்டம் உள்ள, சுவர் தடித்த குழாயைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய வடிகால் குழாய் வேண்டாம், முறுக்கும்போது அதுவே முறுக்கிக்கொள்ளும், திராட்டில் தாமதமாகத்தான் வரும். ஒரு முனையிலிருந்து 12 செ.மீ. நீளத்துக்கு எதிரெதிராக இரண்டு பிளவுகள் அறுக்கவும். பிளவு முடியும் இடத்தில் 6 மி.மீ. துளை போடுவது அவசியம். போடாவிட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும், கிளம்பினால் நிற்காது. ஓரங்களை அரத்தால் மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் ரப்பரைக் கிழிக்கும். பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து ஒரு பட்டையை வெட்டி ரப்பர் பிடிமேல் ஒரே ஒரு சுற்று சுற்றி, அதன்மேல் குழாயை ஏற்றி, இரண்டு ஹோஸ் கிளாம்ப் போடுங்கள். ஒன்று பிளவின் வாய்க்கு 2 செ.மீ. உள்ளே, மற்றது பிளவின் நடுவுக்கு அப்பால்.

இப்போது கிளாம்பை எவ்வளவு இறுக்குவது என்ற கேள்வி. கைக்கு எட்டிய மட்டும் இறுக்கினால் ரப்பருக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழல் நசுங்கி, உள்ளே செல்லும் தண்டை உரசத் தொடங்கும். திராட்டில் கனமாகும். அதைவிட மோசம், திரும்பி வராமல் திறந்த நிலையிலேயே நிற்கும். குறைவாக இறுக்கினால் பிடிமேல் குழாய் வழுக்கும், நீங்கள் முறுக்கியதாக நினைப்பீர்கள், திராட்டில் அப்படியே இருக்கும். வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சரியான இறுக்கத்தை மோட்டார் ஓடாதபோதே பார்த்துவிடலாம். கிளாம்ப் போடும் முன் பிடியைக் கடைசி வரை முறுக்கி, எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்று கையில் பிடித்துக்கொள்ளுங்கள். போட்ட பிறகும் அதே பலம்தான் தேவைப்பட வேண்டும், குழாயும் பிடியும் ஒன்றாகவே திரும்ப வேண்டும். குழாய்க்கும் பிடிக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு வைத்தால் வழுக்கியிருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். புறப்படும் முன் அந்தக் கோட்டைப் பார்ப்பது பழக்கமாகட்டும். கையில் பூசிய சன்ஸ்கிரீன், பெட்ரோல், எண்ணெய் எல்லாம் ரப்பரை ஊதவைத்து வழவழப்பாக்கும். ஒரு பருவத்துக்கு ஒரு முறையாவது கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி மாட்ட வேண்டும்.

ஹோஸ் கிளாம்பில் ஒரு ஏமாற்று உண்டு. பட்டை துருப்பிடிக்காத எஃகு, திருகு மட்டும் சாதா இரும்பில் முலாம் பூசியது. உப்புத் தண்ணீரில் அந்தத் திருகுதான் முதலில் போகும். கடையில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால் திருகை மட்டும் அது கெட்டியாகப் பிடிக்கும். பட்டை, திருகு முழுவதும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மிச்சமிருக்கும் பட்டை வாலை வெட்டி, திருகு கீழ்ப்பக்கம் வருமாறு திருப்பி, மேலே ரப்பர் டேப் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் உள்ளங்கையைக் கிழிக்கும்.

கடையில் வாங்கும் அலுமினிய டெலஸ்கோப் வகையின் பெரிய வசதி, கரைக்கு வரும்போது சுருக்கிவிடலாம் என்பதே. பலவீனம் பூட்டில். முறுக்கிப் பூட்டும் வகையைத் திராட்டிலுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் கொடுப்பதும் முறுக்குதானே, ஒரு திசையில் இறுகும், மறு திசையில் மெல்லத் தளரும். துளையில் துருத்தும் பொத்தான் வகை நம்பகமானது, ஆனால் துளை நாளடைவில் நீள்வட்டமாகி லொடலொடக்கும். மணலும் உப்பும் இரண்டு குழாய்களுக்கு நடுவே புகுந்தால் இரண்டும் இறுகி ஒன்றாகிவிடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, பிரித்தே காயவிடுங்கள். கிரீஸ் போடாதீர்கள், மணலை அதுவே சேர்த்துவைக்கும். சிலிக்கோன் ஸ்பிரே போதும். பாய்மரப் படகுக்கான மெல்லிய டில்லர் நீட்டிப்பை வாங்கி ஏமாறுபவர்களும் உண்டு. அது திசைதிருப்ப மட்டும், முறுக்கைக் கடத்தாது. அவுட்போர்டுக்கு ஆகாது.

வாங்கும் முன் உங்கள் மோட்டாரின் கைப்பிடி நுனியையும் பாருங்கள். சிலவற்றில் நிறுத்தும் பொத்தானோ வேகத்தைச் சிறிதளவு கூட்டிக் குறைக்கும் சுவிட்சோ அங்கேயே இருக்கும். குழாய் அவற்றை மூடிவிடும்.

கில் சுவிட்ச் கயிறு தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஆள் முன்னால் நகர்ந்ததும் கயிறு விறைத்துவிடுகிறது. அலையில் உடம்பு சற்று ஆடினாலும் கிளிப் பிடுங்கி மோட்டார் நின்றுபோகும். இரண்டு முறை அப்படி நின்றதும் பலர் கயிற்றை மாட்டுவதையே விட்டுவிடுகிறார்கள். எக்ஸ்டென்ஷன் கொண்டுவரும் பெரிய ஆபத்து இதுதான். உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கயிற்றை லைஃப் ஜாக்கெட்டில் மாட்டி, நன்றாகத் திரும்பிக் குனிந்து பாருங்கள். எட்டவில்லை என்றால் அதே மோட்டாருக்கான கிளிப்போடு நீளமான கயிறு வாங்குங்கள், அல்லது கம்பியில்லா வகைக்கு மாறுங்கள். கயிற்றை எக்ஸ்டென்ஷனில் மட்டும் கட்டாதீர்கள். ஆள் விழுந்தால் குழாய் படகிலேயே இருக்கும், மோட்டாரும் ஓடிக்கொண்டே இருக்கும். கைவிடப்பட்ட மோட்டார் தானாக ஒரு பக்கம் திரும்பி, படகு விழுந்தவரைச் சுற்றிச்சுற்றி வரும்.

ஒரு பக்கம் திரும்பும் அந்த இழுப்பைக் குறைக்கவும் வழி உண்டு. புரொப்பெல்லருக்கு மேலே சிறு துடுப்பு போன்ற டிரிம் டேப் இருந்தால், படகு வலப்புறம் இழுக்கும்போது அதன் பின்முனையை வலப்புறமும், இடப்புறம் இழுத்தால் இடப்புறமும் கொஞ்சம் திருப்பி இறுக்கவும். ஸ்டியரிங் இறுக்கத் திருகை லேசான தடை தெரியும் அளவுக்கு வையுங்கள், கையை எடுத்தாலும் நிற்குமளவுக்கு அல்ல. திராட்டில் இறுக்கத் திருகுக்கும் இதே விதி.

ஆழமில்லாத நீரில் ஓட்டுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மோட்டாரின் கால் பாறையிலோ மணல்திட்டிலோ இடித்தால் பின்னால் மேலெழும், தலைப்பகுதி முன்னால் சாயும். அப்போது டில்லரின் நுனி கீழ்நோக்கி வரும். வெறும் கைப்பிடி என்றால் இடமிருக்கும். நீண்ட குழாய் நடுப் பலகையில் இடித்து, டில்லர் தன் கீலில் (மோட்டாரோடு சேரும் மடங்கு மூட்டில்) மேலே மடங்கும், குழாய் நெஞ்சுக்கோ முகத்துக்கோ வரும். கீல் மடங்க முடியாதபடி கட்டியிருந்தால் டில்லரைத் தாங்கும் பிராக்கெட்டே உடையும். எனவே கீலுக்கு மேல் எந்தக் கட்டும் வேண்டாம், ஆழமில்லாத இடத்தில் குழாயின் நுனிக்கு நேரே உட்கார வேண்டாம். மோட்டாரை டில்ட் செய்து வைக்கும்போதும் முதலில் குழாயைக் கழற்றுங்கள்.

அலை பின்னாலிருந்து வரும்போது எக்ஸ்டென்ஷன் உதவாது, கெடுக்கும். எடை முன்னால் இருந்தால் அணியம் முன் அலையின் முதுகில் குத்தும், அமரம் பக்கவாட்டில் திரும்பும், படகு அலைக்குக் குறுக்கே விழப் பார்க்கும். அந்த நேரம் குழாயைச் சுருக்கிக்கொண்டு பின்னால் வந்துவிட வேண்டும். எதிர் அலையிலும் குழாயைப் பிடிமானமாக நம்பி உடம்பைச் சாய்க்கக் கூடாது, ஒவ்வொரு குலுக்கலும் திராட்டிலுக்குப் போகும். மறு கை பலகையையோ பக்கச் சுவரையோ பிடித்திருக்கட்டும். நின்றுகொண்டு ஓட்டத்தான் எக்ஸ்டென்ஷன் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்.

நாள்பட்ட தேய்மானத்தைப் பொறுத்தவரை, வெயிலில் கிடக்கும் பி.வி.சி. வெளுத்து, மேலே சுண்ணாம்புபோல் பொடி உதிரத் தொடங்கினால் அதன் காலம் முடிந்துவிட்டது. திடீரென்றுதான் உடையும். தொடக்கத்திலேயே நீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் அடித்தால் கூடுதல் நாள் தாங்கும். குழாயின் எடை டில்லர் கீலின் புஷ்ஷையும் தின்கிறது, நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். முக்கால் கிலோவுக்கு மேல் எடையுள்ளதை மாட்டாதிருப்பது இதனால்தான் நல்லது. ஒற்றை சிலிண்டர் மோட்டார் ஐடிலில் உதறும் உதறல் குழாய் நுனியில் பெரிதாகும், ஒரு நுரைப் பிடி போட்டால் கை மரத்துப்போகாது.

2.5 குதிரைத்திறன் போன்ற, ரிவர்ஸ் கியர் இல்லாத மோட்டார்களில் பின்னால் போக மோட்டாரையே முழுதாகத் திருப்ப வேண்டும். குழாயோடு அது நடக்காது. அந்த அளவு மோட்டாரில் படகு சறுக்கும் வேகமும் வராது என்பதால், அங்கே சாமான்களை முன்னால் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.