காலிஃபிளவர் தயிர் சாதத்துக்கு ஏற்ற கயிறு சாப்பர்

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை வந்துவிட்டால் முதலில் தட்டை விட்டுப் போவது தயிர் சாதம்தான். சப்பாத்திக்கு மாறுங்கள், சிறுதானியத்துக்கு மாறுங்கள் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அவற்றில் நார்ச்சத்து கூடுதல் என்பது சரி, ஆனால் சமைக்காத கோதுமை மாவிலும் சாமையிலும் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது, அதனால் மாவுச்சத்தையே குறைக்க நினைப்பவர்களுக்கு அது பெரிய உதவி இல்லை. வெந்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்குச் சுமார் 28 கிராம் என்றால் காலிஃபிளவரில் 5 கிராம்தான். எங்கள் வீட்டில் அம்மாவுக்காக அதைச் சோறாக்கத்தான் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் இந்தக் கயிறு இழுக்கும் சாப்பரை வாங்கினேன்.

மிக்ஸியில் போட்டால் பாதி விழுதாகிவிடும், பாதி கட்டியாகவே நிற்கும். துருவியில் நன்றாக வரும், ஆனால் அடுப்பு மேடை முழுக்கப் பூ சிதறும், கை வலிக்கும். சாப்பரில் பூவை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் போட்டு, முதலில் நாலு இழுப்பு மெதுவாக, அப்புறம் வேகமாக ஏழெட்டு இழுத்தால் நொய்யரிசி போல உதிரியாக வந்து நிற்கிறது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் ஈரம் கசிந்து ஒட்டிக்கொள்ளும். தடித்த தண்டை மட்டும் இதில் போடாதீர்கள், பிளேடு சிக்கிக்கொள்கிறது. அதைப் பொடியாக நறுக்கிப் பொரியலில் சேர்த்துவிடலாம்.

சாப்பர் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது, ஈரத்தை எடுப்பது. பூச்சிக்காக மஞ்சள், உப்பு போட்ட வெந்நீரில் காலிஃபிளவரை ஊற வைப்போம் இல்லையா, அந்தத் தண்ணீர் பூவுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு கடைசியில் தயிர் சாதத்தை நீர்க்க வைத்துவிடும். அதனால் ஊறியதை எடுத்துத் துணியில் கவிழ்த்து, ஃபேன் காற்றில் நன்றாக உலர்ந்த பிறகுதான் சாப்பருக்குள் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம ஊர்க் காற்றில் அது சீக்கிரம் உலராது, முந்தின ராத்திரியே செய்துவிடுவது நல்லது. அப்புறம் இரும்புக் கடாயில் நல்லெண்ணெய் விட்டு, மூடி போடாமல், உப்பும் போடாமல் ஐந்து நிமிடம் வதக்குங்கள். உப்பு முதலிலேயே விழுந்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். நன்றாக ஆறியதும் கெட்டித் தயிர், உப்பு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம், கடுகு தாளிப்பு. சோற்றுக்கு ஊற்றுவது போலப் பால் ஊற்ற வேண்டாம். அம்மா முதல் வாய் சாப்பிட்டுவிட்டு, "சோறு மாதிரி இல்ல, ஆனா தயிர் சாதம் மாதிரிதான் இருக்கு" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் இரண்டுக்கும் இது தாராளமாகப் பொருந்துகிறது. நம்ம புதுச்சேரி வடகத்தைக் கிள்ளிப்போட்டுத் தாளித்துத் தேங்காய்த் துருவலோடு பிரட்டினால் காலிஃபிளவரின் அந்த வாடையே தெரியாது, தொட்டுக்கொள்ள வஞ்சிரம் வறுவல் இருந்தால் வேறெதுவும் வேண்டாம். பிரியாணி சுமார், மசாலா இறங்குகிறது, ஆனால் தம் போட்டால் குழைகிறது, மசாலாவைத் தனியாகச் சுண்டவைத்துக் கடைசியில் கலப்பதே மேல். சாம்பார், மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட நினைப்பவர்களுக்கு மட்டும் இது ஏமாற்றம் தரும், குழம்பை உறிஞ்ச அதில் மாவே இல்லை. பூ விலை ஏறும் வெயில் காலத்தில் முட்டைகோஸைப் போட்டு உப்புமா செய்தாலும் நன்றாகவே வருகிறது.

சாப்பரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கயிறு இருக்கும் மூடியைத் தண்ணீரில் முக்கிக் கழுவக் கூடாது, உள்ளே ஈரம் தங்கி நாறும், ஈரத்துணியால் துடைக்கத்தான் முடியும். பிளேடு உண்மையிலேயே கூர்மை, கழுவும்போது கவனம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. கொஞ்ச நாளில் கயிறு தளர்ந்து பாதியில் நிற்க ஆரம்பித்தது, திருகைக் கழற்றி மறுபடி சுற்றியதும் சரியானது. ஆனாலும் 300 ரூபாய்க்குள், கரண்டும் இல்லாமல், இவ்வளவு வேலை செய்யும் சாமான் வேறு எதுவும் என் சமையலறையில் இல்லை.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றை ஒரேயடியாக நிறுத்தும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதே டோஸில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடக்கூடும்.

வாங்குவதானால் 900 மில்லி அளவே வாங்குங்கள், சின்னதில் ஒரு பூவை முடிக்கவே நேரம் போய்விடும். கடையிலேயே மூடியைப் பூட்டி நாலைந்து முறை இழுத்துப் பாருங்கள், கயிறு தானாக முழுசும் உள்ளே போகாவிட்டால் வேறு பீஸ் கேளுங்கள்.