சொல்லுக்குக் கூலியா, மணிக்குக் கூலியா?

பதினான்கு வருடங்களாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துத்தான் குடும்பம் நடத்துகிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம், மிக்சி கையேடு, வங்கிப் படிவம், கைப்பேசிச் செயலியில் வரும் அறிவிப்பு என்று எல்லாமே மொழிபெயர்ப்பாளர் பெயர் போடாத வேலைகள். இப்போது வேலை வாங்கித் தரும் மொழிபெயர்ப்பு ஏஜென்சிகளின் மின்னஞ்சல்களில் 'மொழிபெயர்ப்பு' என்ற சொல்லே அருகிவிட்டது. வருபவை இரண்டே வகை. இயந்திரம் மொழிபெயர்த்து வைத்ததைத் திருத்தித் தரும் போஸ்ட் எடிட்டிங் ஒன்று. செயற்கை நுண்ணறிவு எழுதும் தமிழைப் படித்து மதிப்பெண் போடும் ரேட்டிங் இன்னொன்று. முதலாவதை நான்கு வருடங்கள் செய்தேன். எட்டு மாதங்களுக்கு முன் இரண்டாவதற்கு மாறினேன். போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து இளைய தோழி ஒருத்தி, "எனக்கு இரண்டும் வந்திருக்கிறது, எதை எடுக்கட்டும் அக்கா?" என்று கேட்டாள். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை: ரேட்டிங் பக்கம்.

நோட்டரி முத்திரையுடன் பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்த்துக் கொடுப்பது, பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்க்கும் துபாஷி வேலை, இலக்கிய மொழிபெயர்ப்பு ஆகியவற்றை விட்டுவிடுகிறேன். முதலிரண்டுக்கும் ஊரும் பழக்கமும் அமைய வேண்டும். மூன்றாவதை நம்பி வீட்டு வாடகை கட்டியவரை நான் பார்த்ததில்லை.

இங்கே வந்து சேர்ந்த கதை சுருக்கமானது. 2011 ஜூனில் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தபோது நாங்கள் சிரித்தோம். அது தந்த வாக்கியங்களை ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்தோம். 2017 ஏப்ரலில் நரம்பியல் வலைப்பின்னல் முறை தமிழுக்கும் வந்தது. துண்டு துண்டாகச் சொற்றொடர்களை ஒட்டிக்கொண்டிருந்த இயந்திரம் முழு வாக்கியத்தையும் பார்க்கத் தொடங்கியது, சிரிப்பு குறைந்தது. 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. ஆரம்பத்தில் அதன் தமிழ் சுமார்தான். ஆனால் 'இதற்கு ஆள் வேண்டுமா?' என்ற கேள்வியை அது வாடிக்கையாளர்களின் வாயில் வைத்துவிட்டது. 2024 தொடக்கத்தில் மொழி கற்றுத்தரும் செயலியான டுவோலிங்கோ தன் ஒப்பந்தப் பணியாளர்களில் சுமார் 10 சதவீதம் பேரைக் கழித்துக்கட்டியபோது, செயற்கை நுண்ணறிவும் ஒரு காரணம் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அவர்களில் மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள்.

இரண்டு வேலைக்கும் பொதுவானவற்றில் நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை. வீட்டிலிருந்தே செய்யலாம். பி.எஃப். கிடையாது, விடுப்பு கிடையாது. போஸ்ட் எடிட்டிங்குக்குச் சில சமயம் மென்பொருள் உரிமம் வாங்க வேண்டியிருக்கும், ரேட்டிங்குக்கு உலாவி போதும். இதெல்லாம் முடிவை மாற்றாது.

முடிவை மாற்றுவது ஒன்றே ஒன்றுதான். இயந்திரம் செய்யும் தவறுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

போஸ்ட் எடிட்டிங்குக்கு 2017இல் வந்த ஐ.எஸ்.ஓ. 18587 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. முழுத் திருத்தம் என்றால், மனிதர் மொழிபெயர்த்ததற்கு ஈடான பிரதியை எட்ட வேண்டும் என்கிறது அது. நியாயம்தான். ஆனால் எனக்கு வந்த வேலைகளில் கூலி, முழு மொழிபெயர்ப்புக்குக் கிடைத்ததில் பாதி. கொஞ்சம் தாராளமான இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பண்டம் அதே தரத்தில் வேண்டுமாம், விலை மட்டும் பாதியாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு மொழிபெயர்ப்புக்குச் சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 300 சொல் செய்தால் 450 ரூபாய். போஸ்ட் எடிட்டிங்கில் சொல்லுக்கு 75 காசு. இயந்திரம் நன்றாகச் செய்திருந்தால் மணிக்கு 700 சொல் ஓடும், 525 ரூபாய் கிடைக்கும். லாபம்தான், மறுக்கவில்லை. இயந்திரம் சொதப்பியிருந்தால் 250 சொல்தான் நகரும், கையில் வருவது 187 ரூபாய் 50 காசு. மணிக்கு 600 சொல் தொட்டால்தான் பழைய கூலிக்குச் சமம். அன்றைக்கு 700 வருமா 250 வருமா என்பது கோப்பைத் திறந்த பிறகுதான் தெரியும். விலையோ திறப்பதற்கு முன்பே பேசி முடிந்திருக்கும்.

250 என்பது மிகை என்று நினைப்பவர்கள் மருத்துவக் கோப்பு ஒன்றைத் திறந்து பார்க்கலாம். களிம்பைத் தடவச் சொல்லும் இடத்தில் ('apply') 'களிம்பை விண்ணப்பிக்கவும்' என்று இருக்கும். மருந்தைச் செலுத்தச் சொல்லும் இடத்தில் ('administer') 'நிர்வகிக்கவும்' என்று இருக்கும். இவை சிரித்துக்கொண்டே திருத்தக்கூடியவை. உண்மையில் நேரத்தைத் தின்பது வேறு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வாலாகத் தொங்கும் விளக்கமெல்லாம் தமிழில் அதற்கு முன்னால் வந்தாக வேண்டும். வினைமுற்று கடைசியில் நிற்க வேண்டும். எனவே 'சிறுநீரகக் கோளாறு உள்ள நோயாளிகளின்' என்ற தொடர் தவறான பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொண்டால் அந்த ஒரு தொடரை மட்டும் தூக்கி வைத்துத் தப்பிக்க முடியாது. வாக்கியத்தை முழுவதும் பிரித்துக் கட்ட வேண்டும். பிரித்துக் கட்டுவதற்கு முன், இயந்திரம் எழுதியதையும் மூலத்தையும் சேர்த்துப் படித்து, எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க வேண்டும். வெறும் தாளில் எழுதியிருந்தால் இந்தத் துப்பறிதல் இருந்திருக்காது.

இன்னொரு வகைப் பிழை கண்ணில் படவே படாது. 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. வங்கி தன் வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதத்தில் 'நாம் உங்கள் கணக்கை முடக்குவோம்' என்று இயந்திரம் எழுதினால் இலக்கணம் சுத்தமாக இருக்கும். வாடிக்கையாளரும் சேர்ந்து தன் கணக்கை முடக்குகிறார் என்று அர்த்தமாகும். பழைய இயந்திரத்தின் பிழைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. இப்போதையவை வேட்டி கட்டி, விபூதி பூசி, நல்லவன் போல உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் பிடிக்க ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். சந்தேகத்தோடு படித்த நேரத்துக்கு, பிழை இல்லாத வரியில், யாரும் கூலி தருவதில்லை.

உச்ச நீதிமன்றத்தைப் பாருங்கள். 2019 நவம்பரில் 'சுவாஸ்' என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளை அங்கே அறிமுகப்படுத்தினார்கள். தமிழும் அதில் உண்டு. அங்கேயும் இயந்திரத்தின் வரைவை மனிதர்கள் சரிபார்க்கிறார்கள். திருத்துபவர் இல்லாமல் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது. திருத்துபவரின் நேரத்தை எப்படி அளப்பது என்பதில்தான் தகராறு.

சொல் எண்ணிக்கையைப் பற்றி ஒரு குறிப்பு. கூலி ஆங்கிலச் சொல் கணக்கில்தான். தமிழ்ச் சொல் கணக்கில் கேட்டால் இன்னும் மோசம். ஆங்கிலத்தில் ஐந்து சொல் பிடிக்கும் ஒரு தொடரை நாம் 'வராதவர்கள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். புதிதாக வருபவர்கள் ஒப்பந்தத்தில் எந்த மொழியின் சொல் என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

இனி ரேட்டிங். ஒரு கேள்வி வரும், அதற்கு இயந்திரம் எழுதிய இரண்டு தமிழ் விடைகள் வரும். எது மேல், ஏன் மேல் என்று எழுத வேண்டும். சில நாள் நாமே கேள்வி தயாரித்து, சரியான விடையையும் எழுத வேண்டும். என் வேலைக்குக் கூலி மணிக்கு இவ்வளவு என்ற கணக்கில். ஒரு நாள் 'எனக்கு லேசாக ஜுரம், என்ன சாப்பிடலாம்?' என்ற கேள்விக்கு ஒரு விடை ரசம் சாதம் என்றது, இன்னொன்று ஓட்ஸ் கஞ்சி என்றது. இரண்டாவதன் நடை அழகாக இருந்தது. முதலாவதுதான் நம் வீட்டுச் சமையலறையை அறிந்திருந்தது. காரணம் எழுத இருபது நிமிடம் ஆனது. இருபது நிமிடத்துக்கும் பணம் வந்தது. இயந்திரம் எவ்வளவு மோசமாக எழுதினாலும் என் கூலி குறையவில்லை. அதன் தவறுக்கு அதன் முதலாளி காசு கொடுக்கிறார். நான்கு வருடங்கள் அந்தக் காசை நான் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

குறைகள் உண்டு, சின்னக் குறைகளும் அல்ல. சேர்வதற்கு முன் எழுதிய தேர்வுக்குக் காசில்லை. ரகசிய ஒப்பந்தம் இருப்பதால் எந்தச் செயற்கை நுண்ணறிவு மாடலை மதிப்பிட்டேன் என்று சுயவிவரத்தில்கூடப் போட முடியாது. திரையின் ஓரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை திறந்து பார்த்தால் வேலைப் பட்டியல் காலியாக இருந்தது. முன்னறிவிப்பு இல்லை, கேட்க ஆளும் இல்லை. பதினாறு நாள் கழித்து மறுபடி வந்தது. அந்தப் பதினாறு நாளும் கையில் சேமிப்பு இருந்ததால் ஓடியது. சேமிப்பு இல்லாதவருக்கு இந்த வேலையை நான் துணிந்து சொல்ல மாட்டேன்.

இதை ஏதோ சொகுசு வேலை என்று நினைத்துவிடவும் வேண்டாம். கென்யாவில் சாட்ஜிபிடிக்காக வன்முறை, பாலியல் கொடுமை பற்றிய பகுதிகளைப் படித்து வகைப்படுத்தியவர்களுக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகவே கிடைத்தது என்று 2023 ஜனவரியில் டைம் இதழ் எழுதியது. எனக்கு அப்படிப்பட்டது வந்ததில்லை. நாளை வராது என்று உத்தரவாதமும் இல்லை. மறுமுனையில் பெங்களூருவின் கார்யா போன்ற அமைப்பும் இருக்கிறது. இந்திய மொழிகளில் பேசி, எழுதித் தரவு தருபவர்களுக்கு நல்ல கூலி கொடுப்பதோடு, அதே தரவு மறுபடி விலைபோனால் அவர்களுக்கும் பங்கு என்பது அதன் கொள்கை. என் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

"நம் கையாலேயே நமக்குக் குழி வெட்டுகிறோமே அக்கா" என்றாள் தோழி. உண்மைதான். ஆனால் போஸ்ட் எடிட்டிங்கில் என்ன நடந்தது? நான் திருத்திய ஒவ்வொரு வரியும் ஏஜென்சியின் நினைவகத்தில், அதாவது பழைய மொழிபெயர்ப்புகளைச் சேர்த்து வைக்கும் மென்பொருளில், ஏறியது. மறுமுறை அதே வரி வந்தபோது அதற்குக் கூலி இல்லை என்று கழித்துக்கொண்டார்கள். குழி அங்கேயும் வெட்டினேன், பாதிக் கூலிக்கு. ரேட்டிங்கில் மண்வெட்டிக்காவது வாடகை வருகிறது.

எட்டு மாத அனுபவத்தை வைத்து இந்த வேலை எத்தனை வருடம் நீடிக்கும் என்று சொல்வது ஜோசியமாகிவிடும். எல்லா ரேட்டிங் வேலையும் மணிக்கணக்கில் இல்லை. உருப்படிக்கு இவ்வளவு என்று தருபவர்களும் இருக்கிறார்கள், அப்படியானால் நான் மேலே சொன்ன சாதகம் முழுவதும் போய்விடும். இன்னொன்றும் உறுத்துகிறது. எட்டு மாதத்தில் நீளமான ஒரு பிரதியை முழுதாக நான் மொழிபெயர்க்கவில்லை. கை மறந்துவிடுமோ என்ற பயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும் இல்லாமல் இரண்டு பக்கம் மொழிபெயர்க்கிறேன். போஸ்ட் எடிட்டிங்கில் கை மறக்காது என்பார்கள். இயந்திரத்தின் வாக்கிய அமைப்பு நம் கையில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை உதற எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

தோழியிடம் சேமிப்பு இல்லை, கைக்குழந்தை இருக்கிறது. அதனால் போஸ்ட் எடிட்டிங்கையே எடுத்துக்கொள், ஆனால் சொல் கணக்கை விட்டு மணிக்கணக்கில் கேட்டுப் பார் என்றேன். கேட்டாள். நேற்று இரவு பதில் வந்ததாம். மணிக்கணக்குக்கு ஏஜென்சி சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறார்கள்: ஆயிரம் சொல்லுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்யக் கூடாது.