சொல் மாற்றும் புரோகிராமுக்கு முற்பணம் கொடுக்குமுன் இதை வாசியுங்கள்

களுவாஞ்சிகுடியில் சின்னதாக ஒரு டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். கோயில் மலர் ஒன்றுக்கு வந்த கட்டுரைகளில் பலர் ஊர்ப் பெயரை 'மட்டு' என்றே சுருக்கி எழுதியிருந்தார்கள். அதை எல்லாக் கோப்பிலும் 'மட்டக்களப்பு' என்று மாற்ற வேண்டும். இப்படி இன்னும் நாற்பது சொற்கள். டவுனில் ஒருவர் சி மொழியில் புரோகிராம் எழுதித் தருவதாகச் சொல்லி 20,000 ரூபாய் வாங்கினார். பத்து வரியில் ஓட்டியும் காட்டினார். நம்பிவிட்டேன்.

கடையில் ஓட்டினால், 'இறைவன் மட்டுமே துணை' என்று இருந்த இடம் 'இறைவன் மட்டக்களப்புமே துணை' ஆகிவிட்டது! 'மட்டும்' வந்த இடமெல்லாம் இதே கதி. நீண்ட வரி வந்ததும் புரோகிராம் பாதியில் நின்றது. அதோடு, பழைய கோப்பின் மேலேயே எழுதிவிட்டது. மூலம் போய்விட்டது. அதுதான் இன்னும் ஆறவில்லை.

வந்தாறுமூலையில் படிக்கும் என் மருமகள் அந்தப் புரோகிராமின் கோடை, அதாவது அவர் எழுதிய கட்டளை வரிகளை, பார்த்தாள். தேடும் சொல்லை வாங்க 'கெட்ஸ்' (gets) என்ற ஃபங்ஷனைப் போட்டிருக்கிறார். எவ்வளவு நீளம் வந்தாலும் நிறுத்தத் தெரியாத அந்த ஃபங்ஷனை 2011இல் வந்த சி மொழியின் சி11 தரத்திலேயே நீக்கிவிட்டார்கள். சி புரோகிராமை ஓடும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கூட ஆபத்தானது என்று எச்சரிக்கும். ஒரு வரியை வைக்க மெமரியில் ஒதுக்கியது வெறும் 256 பைட். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கு 3 பைட், புள்ளிக்கும் உகரக் குறிக்கும் தனியாக 3 பைட். 'மட்டு' 15 பைட், 'மட்டக்களப்பு' 36. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 21 பைட் கூடுகிறது, இடம் இருக்கிறதா என்று ஓரிடத்திலும் பார்க்கவில்லை. சொல்லைத் தேட அவர் போட்ட 'ஸ்ட்ர்ஸ்ட்ர்' (strstr) ஃபங்ஷன் சொல்லின் எல்லையைப் பார்க்காது. முன்னும் பின்னும் இருக்கும் எழுத்தை நாம்தான் சோதிக்க வேண்டும். அதுவும் இல்லை.

எழுதித் தந்தவரிடம் கேட்டதற்கு, "டெமோவில் சரியாகத்தானே ஓடியது அண்ணே" என்றார். காசு திரும்பவில்லை. மலர் இரண்டு கிழமை பிந்தியது.

மருமகள் திருப்பி எழுதினாள்: சொல் எத்தனை தரம் வருகிறது என்று முதலில் எண்ணி, புதிய நீளத்துக்குத் தேவையான மெமரியை 'மல்லோக்' (malloc) மூலம் ஒதுக்கி, வேறு கோப்பில் எழுதுகிறது. நீங்கள் யாரிடமாவது ஓடர் கொடுத்தால் சோர்ஸ் கோடைக் கேட்டு வாங்குங்கள். 'மட்டு'வும் 'மட்டும்' என்பதும் கலந்த, நீண்ட பந்தி ஒன்றை நீங்களே கொண்டுபோய் அவர் முன்னால் ஓட்டிப் பாருங்கள். அதுவரை ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.