கடைவாய்ப்பல் அடைப்பு: அமால்கமா, காம்போசிட்டா?

என் கீழ்க் கடைவாய்ப்பல்லில் 15 ஆண்டுகளாக இருந்த அமால்கம் (பாதரசம் கலந்த உலோகக் கலவை) அடைப்பை ஒட்டி, சென்ற ஆண்டு பல்லின் முகட்டில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அடைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, உடைந்தது பல்தான். பழைய அடைப்பை எடுத்துவிட்டுக் காம்போசிட் (ஒளியால் இறுகும் ரெசின் கலவை) வைத்துக்கொண்டேன்.

அமால்கம் மலிவானது, காம்போசிட் பல்லின் நிறத்திலேயே இருக்கும் என்பதெல்லாம் தெரிந்ததே. அமால்கத்தின் எடையில் பாதியளவு பாதரசம் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், தவிர்க்க முடியாத மருத்துவத் தேவை தவிர, அதன் பயன்பாட்டை நிறுத்தியுள்ளது. ஆனால் என் முடிவுக்குக் காரணம் வேறு: அடைப்பு எவ்வளவு உறுதியானது என்பதைவிட, அதைச் சுற்றி மிஞ்சும் பல் எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதையே நான் பார்த்தேன்.

அழுத்தத்தைத் தாங்குவதில் அமால்கம் வலுவானதுதான். ஆனால் அது பல்லோடு ஒட்டாது. கழன்றுவிடாமல் இருக்க, குழியின் திறப்பைவிட அதன் உட்புறத்தைச் சற்று அகலமாகக் குடைய வேண்டியிருப்பதால், சொத்தையோடு நல்ல பல்லும் போகிறது. பிடுங்கிய முன்கடைவாய்ப்பற்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 1989இல் வெளியான ஓர் ஆய்வில், ரூட் கெனாலுக்காகத் திறந்த துளையால் மட்டும் பல்லின் விறைப்பு (வளையாமல் நிற்கும் தன்மை) ஏறத்தாழ 5 சதவீதமே குறைந்தது. மெல்லும் பரப்போடு, பக்கத்துப் பற்களை ஒட்டிய இரு விளிம்புகளையும் வெட்டிய குழியாலோ சுமார் 63 சதவீதம் குறைந்தது. அவ்விளிம்புகள் போனபின் ஒவ்வொரு கடிக்கும் முகடுகள் வெளிப்புறமாக வளைகின்றன. ஒட்டாத அடைப்பு அவற்றை இழுத்துப் பிடிப்பதில்லை.

காம்போசிட் இழுத்துப் பிடிக்கிறது. பாஸ்பாரிக் அமிலம் எனாமலில் உண்டாக்கும் நுண்துளைகளில் பசை இறங்கிக் கெட்டிப்படுவதால் எதிரெதிர்ச் சுவர்கள் பிணைக்கப்பட்டு, இழந்த விறைப்பில் ஒரு பகுதி திரும்புகிறது. சொத்தையை மட்டும் எடுத்தாலே போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஒளி பட்டு இறுகும்போது காம்போசிட் 2 முதல் 3 சதவீதம் வரை சுருங்கிச் சுவர்களை இழுக்கும். அதனால் வழக்கமான காம்போசிட்டை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைக்க வேண்டும், எச்சில் படவே கூடாது. ஈறுக்குக் கீழே இறங்கிய, உலர்வாக வைக்க முடியாத குழியில் நானும் இதை வற்புறுத்த மாட்டேன். அடைப்பின் ஓரத்தில் மறுபடி சொத்தை விழுவதும் காம்போசிட்டில்தான் அதிகம். என் அடைப்புக்கு வயது ஒன்றுதான். பத்தாண்டு உழைப்பைப் பற்றி என் அனுபவத்திலிருந்து பேச இயலாது.

கிளாஸ் அயனோமர் என்ற இன்னொரு அடைப்புப் பொருள் ஃபுளூரைடு தரும், தானாகவே ஒட்டும். ஆனால் எளிதில் விரிசல் விடும். வேர்ப்பரப்புக்கும் பால்பற்களுக்கும் அது போதும்.

சுவர் மிக மெலிந்துவிட்டால் இவை எதுவும் உதவாது. முகட்டையே மூடும் ஆன்லே அல்லது கிரவுன்தான் வேண்டும். என் மருத்துவர் சுவரின் தடிமனை அளந்து பார்த்து, போதும் என்று சொன்ன பிறகே காம்போசிட்டுக்குச் சம்மதித்தேன்.