கும்பகோணம், கரூர், தூத்துக்குடி: எந்த வங்கி ஊரோடு ஒட்டியிருக்கிறது?

தமிழ்நாட்டின் பழைய தனியார் வங்கிகளில் மூன்று இன்னும் சென்னைக்குக் குடிபோகவில்லை: கும்பகோணத்தில் சிட்டி யூனியன், கரூரில் கரூர் வைஸ்யா, தூத்துக்குடியில் தமிழ்நாடு மெர்க்கன்டைல். மூன்றும் நூறு வயதைத் தாண்டியவை. எது சொந்த ஊரோடு அதிகம் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கப் போனால், பெயர்ப்பலகையை மட்டும் நம்பக் கூடாது.

கும்பகோணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1904-ல் தொடங்கியபோது அதன் பெயர் கும்பகோணம் வங்கி. 1965-ல் சிட்டி ஃபார்வர்டு, யூனியன் என்ற இரண்டு சிறு வங்கிகள் வந்து சேர்ந்ததும் கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கி ஆனது. 1987-ல் ஊர்ப்பெயரும் போனது. வெளியூர்க்காரர் கேட்டால் ஏதோ பெருநகரத்து வங்கி என்றுதான் நினைப்பார். ஆனால் பெயரை விட்டார்களே தவிர ஊரை விடவில்லை. பதிவு அலுவலகம் இன்றும் கும்பகோணம் டி.எஸ்.ஆர். பெரிய தெருவில்தான் இருக்கிறது.

கரூர் கதைதான் மனதை அதிகம் தொடுவது. அங்கே இரண்டு வங்கிகள் பிறந்தன: 1916-ல் கரூர் வைஸ்யா, 1926-ல் லட்சுமி விலாஸ். ஊரும் ஒன்று, வணிகமும் ஒன்று. படுக்கை விரிப்பு, திரைச்சீலை ஏற்றுமதி, கொசுவலை, பஸ் பாடி கட்டுவது. விரிப்பை வெளிநாட்டுக்கு அனுப்பியவருக்குப் பணம் வர மாதக்கணக்கில் ஆகும். நூல்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்குவதுதான் உள்ளூர் வங்கியின் வேலை. யாருடைய தறி ஓடுகிறது, யாருடையது நின்றுவிட்டது என்பது மேனேஜருக்குத் தெருவில் நடந்தாலே தெரியும்.

லட்சுமி விலாஸ் பிற்காலத்தில் ஊருக்கு வெளியே பெருநிறுவனக் கடன்களில் இறங்கியது. அவை வாராக்கடனாயின. 2020 நவம்பர் 17-ல் கட்டுப்பாடு வந்தது. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. பத்தே நாளில், 27-ஆம் தேதி, சிங்கப்பூரின் டிபிஎஸ் குழுமத்தின் இந்திய வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட்டுக்கு ஆபத்தில்லை; பங்கு வைத்திருந்தவர்களுக்கோ ஒரு பைசா மிஞ்சவில்லை. 94 வருட வங்கிக்கு இப்படி ஒரு முடிவு வந்ததை இன்னும் ஏற்க முடியவில்லை. ஊர்ப்பெயரோடு கரூர் வைஸ்யா மட்டும் நிற்கிறது.

சரி, தூத்துக்குடி? 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962-ல் பெயர் மாறியது. 1990-களில் பெரும்பங்கு வடநாட்டுத் தொழில் குழுமம் ஒன்றின் கைக்குப் போனபோது, நாடார் சமூகத்தார் திரண்டு, பணம் சேர்த்து, ஒரு பகுதியை மீட்டார்கள். பெயரில் ஊர் இல்லை, ஆனால் வங்கி கைமாறியபோது அதை மீட்கப் பணத்தோடு ஆட்கள் வந்தார்கள். ஒட்டுதல் என்றால் இதுதான் என்பேன். மூன்றில் என் ஓட்டு தூத்துக்குடிக்கே. 2022-ல் பங்குச்சந்தைக்கு வந்துவிட்டதால் இனி அதன் பங்கை யாரும் வாங்கலாம். தலைமை அலுவலகம் மட்டும் இன்னும் தூத்துக்குடி வி.இ. ரோட்டிலேயே இருக்கிறது.