மூளை ரத்தக்குழாய் அடைப்பை நீக்கித் தருவதாக முன்பணம் வாங்கும் முகவர்கள்: ஓர் எச்சரிக்கை

பக்கவாதம் வந்து ஓரளவு தேறி வீட்டில் இருப்பவர்களின் குடும்பங்களை அணுகி, மூளை ரத்தக்குழாயில் உள்ள அடைப்பை இந்தியாவில் கேத்தீட்டர் என்னும் மெல்லிய குழாய் மூலம் நீக்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கும் முகவர்கள் சிலர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் என் சித்தப்பா குடும்பம் 6,000 வெள்ளியைக் கட்டிவிட்டுத் திரும்பப் பெற முடியாமல் நிற்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

சித்தப்பாவுக்கு வந்தது லேசான பக்கவாதம். வலது கை மரத்து, பேச்சுக் குழறி, இரண்டு நாளில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஸ்கேனில் மூளையின் இடப்பக்க நடுத்தமனி ஓரிடத்தில் வெகுவாகச் சுருங்கியிருப்பது தெரிந்தது. அரசு மருத்துவமனையில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சில மாதங்களுக்குச் சேர்த்துச் சாப்பிடச் சொன்னார்கள். கொழுப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுத்தார்கள். படத்தில் அடைப்பு பளிச்சென்று தெரியும்போது வெறும் மாத்திரையோடு அனுப்பிவிட்டார்களே என்ற மனக்குறை சித்திக்கு இருந்தது. தெரிந்தவர் ஒருவர் வழியாக முகவர் வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான்.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில் அவருடைய அலுவலகம். "அண்ணே, அக்கா" என்று வாய் நிறையப் பேசுகிறவர். லேமினேட் செய்த ஓர் அட்டையை மேசைமேல் வைத்தார். அதில் ரத்தக்குழாய்களைக் காட்டும் இரண்டு ஆஞ்சியோ படங்கள். இடப்பக்கப் படத்தில் தமனி நட்ட நடுவே வெட்டுப்பட்டதுபோல் நின்றுபோயிருந்தது; வலப்பக்கப் படத்தில் அதே தமனி கிளை கிளையாக விரிந்திருந்தது. கீழே பெரிய எழுத்தில், கேத்தீட்டர் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 46 பேர் பிறர் துணையின்றி வாழ்கிறார்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 பேர்தான் என்று அச்சிட்டிருந்தார்கள்.

அந்த எண்கள் பொய்யல்ல. 2015ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த ஐந்து ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்தவை அவை. ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள், பெரிய தமனி ஒன்றை ரத்தக்கட்டி திடீரென அடைத்துக்கொண்ட நிலையில் அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். தொடையிடுக்கு வழியாகக் குழாயைச் செலுத்தி, வலைபோன்ற கருவியால் கட்டியை இழுத்தோ உறிஞ்சியோ எடுப்பது அந்தச் சிகிச்சை. பொதுவாக 6 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். 2018இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்கேனில் காப்பாற்றத்தக்க மூளைப்பகுதி மிஞ்சியிருப்பது தெரிந்தால் 24 மணி நேரம் வரையிலும் சிலருக்குச் செய்கிறார்கள். வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் தயங்காமல் 995ஐ அழைக்கச் சொல்வது இதற்காகத்தான். சிங்கப்பூரிலேயே செய்யப்படும் சிகிச்சை இது. இதை எந்தக் குறையும் சொல்ல நான் வரவில்லை.

சித்தப்பாவுக்கோ பக்கவாதம் வந்து வாரக்கணக்காகிவிட்டது. எடுப்பதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லை. கொழுப்புப் படிந்து தமனிச் சுவரே தடித்திருந்தது. அதற்கு முகவர் செய்யச் சொன்னது, தமனியைப் பலூனால் விரித்து, அது மீண்டும் சுருங்காமல் தாங்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைப்பதை. அது முற்றிலும் வேறு சிகிச்சை, அதன் கணக்கும் வேறு. மூளைத் தமனி 70 முதல் 99 விழுக்காடு வரை சுருங்கியவர்களிடம் அமெரிக்காவில் நடந்த சாம்ப்ரிஸ் ஆய்வு 2011இல் வெளியானது. ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 விழுக்காட்டினருக்கு 30 நாளுக்குள் மீண்டும் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடம் அது 5.8 விழுக்காடு. நோயாளிகளைச் சேர்ப்பதையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மூளைத் தமனியிலிருந்து பிரியும் நூல் போன்ற சிறு கிளைகள், ஸ்டென்ட் விரியும்போது நசுங்கும் கொழுப்புப் படிவால் அடைபட்டுப்போகக்கூடும் என்பது ஒரு காரணம். 2022இல் வெளியான சீன ஆய்விலும் ஸ்டென்ட் வைப்பதால் கூடுதல் பலன் தெரியவில்லை. மருந்தையும் மீறித் திரும்பத் திரும்பப் பக்கவாதம் வரும் சிலருக்கு ஸ்டென்ட் பற்றி யோசிப்பதுண்டு. சித்தப்பா அந்த வகையில் சேரவில்லை. முதல் சிகிச்சையின் வெற்றிக் கணக்கைக் காட்டி இரண்டாவதை விற்றார் முகவர், அவ்வளவுதான்.

இதைவிட எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. "குழாயையே சுத்தம் பண்ணிடப் போறோம், அப்புறம் எதுக்கு அண்ணே இத்தனை மாத்திரை?" என்று அவர் போகிற போக்கில் சொன்னதைச் சித்தப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பயணத் தேதிக்குக் காத்திருந்த நாள்களில் குளோபிடோகிரலை நிறுத்திவிட்டார். பலதுறை மருந்தகத்தில் தாதி மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்த்துக் கேட்ட பிறகுதான் வீட்டில் எங்களுக்கே தெரியும். பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களில்தான் அது மீண்டும் வரும் அபாயம் மிகுதி. ஒன்றும் ஆகாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

பிறகு சித்தியை மருத்துவமனைக்கே அழைத்துச் சென்றோம். நரம்பியல் மருத்துவர் திரையில் படத்தைப் போட்டு, ஏன் ஸ்டென்ட் வேண்டாம் என்கிறார் என்பதைக் கால் மணி நேரம் பொறுமையாக விளக்கினார். இந்த விளக்கம் வீடு திரும்பும் நாளிலேயே கிடைத்திருந்தால் முகவருக்கு வேலையே இருந்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைப் பார்க்கச் சொன்னார். வாங்கும்போது மருத்துவமனைக்கான முன்பணம் என்றவர், ரசீதில் "ஆலோசனைச் சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது" என்று எழுதியிருந்தார். மீதியை மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதும் நடக்காத காரியம். வெளிநாட்டுச் சிகிச்சைக்கு, சுகாதார அமைச்சு ஒப்புதல் அளித்த ஏற்பாட்டின் வழியாக மட்டுமே மெடிசேவைப் பயன்படுத்த முடியும்.

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். சமரசம் ஆகாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவோம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 2 ஆண்டுக்குள் அங்கே கொண்டுபோகலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, வைத்துக்கொள்ளவும் முடியாது. இதே போன்ற ரசீது உங்களிடமும் இருந்தால், முகவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவுகளை அழித்துவிடாதீர்கள். "முன்பணம்" என்று அவர் தம் வாயால் சொன்ன ஒரு பதிவுதான் இப்போது எங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று.